உதிரும் சுவர், ஒழுகும் மச்சு – கடிதம்

வணக்கம் சார்,

சிம்மக்கல் பக்கம் தாத்தா காலத்து வீடு எங்களுடையது. சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்குக் கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ். அம்மா படுக்கும் உள்ளறையில் இடுப்பு உயரம் வரை சுவர் பொருக்கு விட்டு உதிர்கிறது. மழைக்கு ஒரு மூலை ஒழுகுகிறது. பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், ஏசி போட்டுவிடலாம் என்கிறார் காண்ட்ராக்டர். அம்மாவுக்காக ஒட்டினாற்போல் பாத்ரூமும் கேட்டிருக்கிறேன். அதற்குச் சுவரை உடைத்து வாசல் வைக்க வேண்டுமாம். செய்யலாமா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள தங்கைக்கு,

பாத்ரூம் கட்டாயம் வேண்டும். வயதானவர் ராத்திரி எழுந்து முற்றம் தாண்டிப் போகக் கூடாது. சிமெண்ட் பூச்சும் ஃபால்ஸ் சீலிங்கும்தான் வேண்டாம் என்கிறேன்.

உங்கள் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. காரைப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். போகும்போது உப்பு பூத்துப் பூச்சு உதிரும், அவ்வளவுதான். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மேலே ஏறும். மதுரையில் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள்: மூன்றடிக்கு சிமெண்ட் பூசியிருப்பார்கள், சரியாக அந்தக் கோட்டுக்கு மேலே புதிதாக ஓதம் அடித்திருக்கும். பிறகு ஆறடிக்குப் பூசுவார்கள். ஓதம் அதற்கும் மேலே போகும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பையே பூசுங்கள், மேலே வெள்ளையடியுங்கள். பிளாஸ்டிக் பெயிண்டும் சிமெண்ட் செய்யும் கெடுதலையே செய்யும். காரை வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடுதலாகும்தான், கொடுங்கள். 1636-இல் எழும்பிய நம்மூர் திருமலை நாயக்கர் மகாலும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான்.

மச்சுதான் எனக்குப் பெரிய கவலை. தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் குறுக்காகக் குத்துவாட்டில் அடுக்கிய செங்கல், அதன்மேல் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து அடித்து இறுக்கிய செங்கல்ஜல்லிக் காரை, கடைசியில் தட்டோடு. எங்கே கெட்டாலும் கீழிருந்தே கண்ணுக்குத் தெரியும் கூரை அது. ஃபால்ஸ் சீலிங் போட்டால் கரையானும் ஒழுக்கலும் அதற்குப் பின்னால் போய்விடும். கட்டை விழும் நிலைக்கு வரும்வரை யாருக்கும் தெரியாது.

ஏணி போட்டு ஏறி, ஒழுகும் மூலையில் கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நடுக்கட்டை கல்மாதிரி இருந்தாலும் அந்த முனைதான் முதலில் உளுத்துப் போகும். டிரைவர் மெத்தென்று இறங்கினால் கூரை வேலை முடிகிறவரை அம்மா அந்த அறையில் படுக்க வேண்டாம். இறங்காவிட்டால் மட்டப்பாவுக்கு, அதாவது மொட்டைமாடிக்குப் போய்த் தட்டோட்டின் இணைப்புகளையும் தண்ணீர் போகும் தூம்பையும் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி அந்த அறைக்கு மேலே இருக்கிறதா? இருந்தால் முதலில் அதை இடம் மாற்றுங்கள்.

பாத்ரூம் வாசலுக்கு முன்னால் கட்டைகள் எந்தச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று கவனியுங்கள். கூரையின் பாரம் முழுவதும் அந்தச் சுவர்களில்தான். முடிந்தால் அவற்றை விட்டுவிட்டு, கட்டைகள் உட்காராத சுவரில் வாசல் வையுங்கள். வேறு வழியில்லை என்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்து, முட்டுக் கொடுத்து, வாசலுக்கு மேலே பாரம் தாங்கும் லிண்டல் போட்ட பிறகே உடைக்க வேண்டும். வாசலில் படி வேண்டாம், கைப்பிடி வேண்டும், டைல்ஸ் சொரசொரப்பாக இருக்கட்டும். அறைத்தரை பழைய சிவப்புத் தரையாக இருந்து விரிசல் இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள். ஏசி உங்கள் விருப்பம், தனி வயரும் எர்த்தும் இழுத்தால் சரி.

மட்டப்பா வேலையை ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த மூலை ஒழுகாமல் இருந்தால் தை, மாசியில் சுவர் பூச்சைத் தொடங்கலாம். அப்புறம், கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். மேலே வெட்டினால் திரும்பத் துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டியிருக்கும்.