கேள்வி – பதில்: சமூக சுகாதார முதுநிலைப் படிப்பில் கற்றலை அளப்பது எப்படி?

முதுநிலை சமூக சுகாதாரப் படிப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் படிப்புக்கு 19 கற்றல் விளைவுகள், அதாவது படிப்பு முடியும்போது மாணவருக்குச் செய்யத் தெரிந்திருக்க வேண்டியவை, எழுதி வைத்திருக்கிறோம். எங்கிருந்து அளக்கத் தொடங்குவது என்றே தெரியவில்லை. எத்தனை இருந்தால் போதும்?

பதில்: படிப்பு முழுமைக்கும் ஆறிலிருந்து எட்டு போதும். ஆசிரியர்கள் ஆளுக்கு இரண்டாகத் தாங்கள் நடத்தும் தாளிலிருந்து (பாடத்திலிருந்து) எடுத்துக் கொடுத்தால் 19 வந்து நிற்கும். தாளுக்கான விளைவுகளைத் தாளிலேயே விட்டுவிடுங்கள்.

மிஞ்சுகிறவற்றில் முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள். 'தொற்றுநோயியலின் அடிப்படைகளைப் புரிந்துகொள்வார்' என்றால், புரிந்துவிட்டது என்று எதைப் பார்த்துச் சொல்வீர்கள்? 'கணக்கெடுப்புத் தரவிலிருந்து நோய்ப்பரவல் விகிதத்தைப் பிழை வரம்போடு (எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம் என்பதோடு) கணக்கிடுவார்' என்று எழுதினால் கையில் எடுத்துப் பார்க்க மாணவர் போட்ட ஒரு கணக்கு கிடைக்கும். 'திட்டமிட்டு, நடைமுறைப்படுத்தி, மதிப்பிடுவார்' என்பது ஒன்றல்ல, மூன்று. திட்டத்தை நன்றாக எழுதிவிட்டு மதிப்பீட்டில் சறுக்கும் மாணவருக்கு அந்த வரியில் என்ன போட முடியும்?

பிறகு ஒரு கட்டம் போடுங்கள்: இடப்பக்கம் விளைவுகள், மேலே தாள்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அறிமுகம், பயிற்சி, தேர்ச்சி மூன்றில் ஒன்று. சில வரிசைகளில் எல்லாத் தாளிலும் 'அறிமுகம்' மட்டுமே இருக்கும். பட்ஜெட் தயாரிப்பதும் மக்களிடம் பேசுவதும் பெரும்பாலும் அப்படித்தான். எல்லோரும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், யாரும் செய்யவைத்திருக்க மாட்டார்கள். அந்த வரிசையை அளப்பதற்கு முன் பாடத்திட்டத்தைத் திருத்த வேண்டும்.

கேள்வி: களஆய்வுத் தாளில் மாணவர்களின் சராசரி 78. அவர்கள் கற்றதற்கு இதையே சான்றாகக் காட்டக் கூடாதா?

பதில்: கூடாது. அந்த 78-க்குள் என்னவெல்லாம் கலந்திருக்கிறது என்று ஓர் அறிக்கையைப் பிரித்துப் பார்ப்போம்.

தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் விகிதத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் பரவலாக்கிய 30 கொத்து (கிராமம், தெரு போன்ற சிறு குடியிருப்புத் தொகுதி), கொத்துக்கு 7 குழந்தை என்ற முறையை ஒரு மாணவர் எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? விகிதம் 50 சதவீதம், நம்பிக்கை அளவு 95 சதவீதம், பிழை வரம்பு மேலும் கீழும் 10 புள்ளி என்று வைத்தால், எளிய சமவாய்ப்பு மாதிரிக்கு (எல்லோரிலிருந்தும் குலுக்கல்போல் எடுப்பதற்கு) 96 பேர் போதும். ஆனால் ஒரே கொத்தில் வசிப்பவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பார்கள். அதனால் இரட்டிப்பாக்கி 192. 30-ஆல் வகுத்தால் 6.4, அதாவது 7. மொத்தம் 210.

மாணவர் இரண்டு பகுதிகளில் தலா 210 குழந்தைகளைப் பார்க்கிறார். ஒன்றில் 71 சதவீதம், மற்றதில் 66. உடனே 'முதல் பகுதியில் பணி சிறப்பு' என்று முடிவுரை எழுதிவிடுகிறார். பத்துப் புள்ளி வரை பிசகலாம் என்று வடிவமைத்த கணக்கெடுப்பை வைத்துக்கொண்டு ஐந்து புள்ளி வித்தியாசத்துக்குப் பொருள் சொல்லக் கூடாது. 210 என்ற எண் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது எதற்கான எண் என்பது தெரியவில்லை. ஆனாலும் அட்டவணை ஒழுங்கு, மொழி நடை, குறித்த நாளில் சமர்ப்பித்தது எல்லாம் சேர்ந்து 78 வாங்கிவிடுவார்.

இதற்காகப் புதுத் தேர்வு வைக்க வேண்டாம். அதே அறிக்கைக்கு மாதிரித் தேர்வு, கணக்கீடு, முடிவு, பரிந்துரை என்று வரிக்கு வரி தனி மதிப்பெண் குறித்து, விளைவோடு தொடர்புள்ள வரியை மட்டும் பிரித்தெடுங்கள். தாமதத்துக்கான கழிவு மதிப்பெண் பட்டியலில் இருக்கட்டும், இந்தக் கணக்கில் வேண்டாம்.

இன்னொன்று. ஜார்ஜ் மில்லர் 1990-இல் மருத்துவக் கல்விக்காகச் சொன்ன நான்கு படிகள் இங்கும் பொருந்தும்: தெரியும், எப்படியென்று தெரியும், செய்து காட்டுவார், உண்மையில் செய்கிறார். எழுத்துத் தேர்வு முதல் இரண்டு படியோடு நின்றுவிடும்.

கேள்வி: ரூப்ரிக் (எந்த நிலைக்கு என்ன வேண்டும் என்று வரிசை வரிசையாக எழுதிய மதிப்பீட்டு அட்டவணை) தயாரித்தும் இரண்டு ஆசிரியர்கள் ஒரே அறிக்கைக்கு வெவ்வேறு நிலை போடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: ரூப்ரிக்கில் 'மிக நன்று, நன்று, சுமார்' என்று எழுதியிருக்கிறீர்களா? அப்படியென்றால் அது பழைய மதிப்பெண்தான், சட்டை மட்டும் புதிது. ஒவ்வொரு நிலையிலும் அறிக்கையில் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்று எழுதுங்கள். மாதிரித் தேர்வு வரிசைக்கு இப்படி:

1 – மாதிரியின் அளவு மட்டும் உள்ளது, காரணம் இல்லை.
2 – சூத்திரம் உள்ளது. அதில் போட்ட எண்கள் எங்கிருந்து வந்தன என்று இல்லை.
3 – எண்களுக்குக் காரணம் சொல்லி, ஒரே கொத்தில் வசிப்பவர்கள் ஒருவரைப்போல் ஒருவர் இருப்பதையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்.
4 – இவற்றோடு, இந்த மாதிரியால் எதைச் சொல்ல முடியாது என்பதையும் எழுதியிருக்கிறார்.

ஐந்து நிலை வைத்தால் கை தானாக மூன்றுக்குப் போகும், நான்கு நல்லது. மூன்றாம் நிலையைத் தேர்ச்சி என்று வையுங்கள்.

அடுத்து, முன்னாண்டு அறிக்கைகளில் நல்லது, நடுத்தரம், பலவீனமானது என மூன்றைப் பெயர் நீக்கி எடுங்கள். இருவரும் தனித்தனியே மதிப்பிட்டபின் உட்கார்ந்து பேசுங்கள். வாக்குவாதம் எழும் வரிசையில் சொற்களைத் திருத்துங்கள். ஆசிரியரைத் திருத்தப் பார்க்காதீர்கள்.

'90 சதவீதம் ஒத்துப்போகிறது' என்ற கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். 30 அறிக்கையில் இருவரும் தேர்ச்சி போட்டவை 23, இருவரும் தோல்வி போட்டவை 3, ஒருவர் மட்டும் தேர்ச்சி போட்டவை ஆளுக்கு 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துப்போனவை 26, அதாவது 87 சதவீதம். ஆனால் இருவருமே 30-க்கு 25 பேருக்குத் தேர்ச்சி போடுகிறவர்கள். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் 72 சதவீதம் ஒத்துப்போகும். அந்தத் தற்செயலைக் கழிப்பதுதான் ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த கப்பா அளவு: 0.867-இலிருந்து 0.722-ஐக் கழித்து, 0.278-ஆல் வகுத்தால் 0.52. சுமாரான ஒற்றுமைதான்.

கேள்வி: படிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் மாணவர்களே தங்கள் திறனுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். இரண்டு முறையும் ஐந்துக்கு 4 வருகிறது. எதுவுமே கற்கவில்லையா?

பதில்: கற்றிருக்கலாம். தொடக்கத்தில் தனக்கு என்ன தெரியாது என்பதே தெரியாமல் 4 போட்டிருப்பார். முடிவில் அது தெரிந்து, கவனமாக 4 போடுகிறார். அளவுகோலே நகர்ந்துவிட்டது. முடிவில் ஒரே தாளில் 'அன்று எப்படி இருந்தீர்கள், இன்று எப்படி' என்று இரண்டையும் கேட்டால் வித்தியாசம் தெரியும். அதையும் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள்.

கேள்வி: கள வழிகாட்டிகள் எல்லோருக்கும் 'மிகச் சிறப்பு' என்றே எழுதித் தருகிறார்கள்.

பதில்: படிவம் அதைத்தான் கேட்கிறது. பல வழிகாட்டிகள் மாணவர் அந்த வேலையைச் செய்யும்போது பக்கத்தில் இருந்திருக்கவே மாட்டார்கள். காலியாக விட மனமில்லாமல் ஒரு டிக் அடிப்பார்கள். தரத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்: தனியாகச் செய்தார், உதவியோடு செய்தார், வாய்ப்பு வரவில்லை, நான் பார்க்கவில்லை. கடைசி இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு வரி ஆதாரம் எழுத இடம் விடுங்கள். களப்பணி பாதி முடிந்ததும் ஒருமுறை வாங்கினால், 'வாய்ப்பு வரவில்லை' என்பதைச் சரிசெய்ய நாள் மிச்சமிருக்கும்.

கேள்வி: வகுப்பில் 12 பேர்தான். 80 சதவீதம் பேர் தேற வேண்டும் என்பது இலக்கு. 9 பேர் தேறினார்கள். தோல்வியா?

பதில்: ஒருவர் என்பதே 8 சதவீதம். 10 பேர் தேறியிருந்தால் 83, இலக்கு எட்டியாயிற்று. 12-க்கு 9 என்பதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை, ஏறத்தாழ 47 முதல் 91 சதவீதம் வரை போகிறது. அதனால் சதவீதத்தை விட்டு ஆட்களின் எண்ணிக்கையை எழுதுங்கள். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். தேறாத மூவரும் ரூப்ரிக்கின் ஒரே வரிசையில் விழுந்திருந்தால் காத்திருக்க வேண்டாம், அந்தப் பாடத்துக்கு ஒரு பயிற்சி கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள். அடுத்த ஆண்டும் அதே ரூப்ரிக்கால் அளவிடுங்கள். பாடத்தையும் அளவுகோலையும் ஒரே ஆண்டில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.

கேள்வி: குழுவாகச் செய்த திட்ட அறிக்கையைச் சான்றாக எடுக்கலாமா?

பதில்: குழுவாக வேலை செய்வது என்ற விளைவுக்கு எடுக்கலாம். மற்றவற்றுக்கு, ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் தனியாக அழைத்து, அவர் எழுதாத பகுதியிலிருந்து இரண்டு கேள்வி கேளுங்கள்.