யானை ஓவியத்தில் 18,000 பவுண்ட் போடலாமா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். இங்கே ஒரு ஏலத்தில் டேவிட் ஷெப்பர்ட் வரைந்த ஆப்பிரிக்க யானை ஆயில் பெயிண்டிங் வருகிறது. கமிஷனோடு சேர்த்து 18,000 பவுண்டுக்குள் முடியும் போலிருக்கிறது. மகளுக்கு 8 வயது. பத்து வருடம் கழித்து அவள் படிப்புச் செலவுக்கு விற்கலாமா?

பதில்: பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். மகள் படிப்பை நம்பி வாங்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். வாங்குபவர் கமிஷன் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஏலம் 14,400-ல் முடிந்தால்தான் உங்கள் பில் 18,000. பத்து வருடம் கழித்தும் அதே 14,400-க்குப் போனால், விற்பவர் கமிஷன் 15 சதவீதம் கழிந்து 12,240 பவுண்ட் கைக்கு வரும். போட்ட பணத்தை எடுக்கவே ஏலம் 21,000-ஐத் தாண்ட வேண்டும். கிட்டத்தட்ட 47 சதவீதம் ஏறியும் லாபம் பூஜ்யம்! ஷெப்பர்ட் 2017-ல்தான் இறந்தார். அதனால் ஓவியம் ஏலத்தில் கைமாறும்போதெல்லாம் வாரிசுகளுக்கான 4 சதவீத மறுவிற்பனை உரிமைத் தொகை வேறு உண்டு. அது யார் தலையில் விழுகிறது என்று ஏல நிறுவனத்தின் விதிகளில் பாருங்கள்.

"அவர் இனி வரையப் போவதில்லை, விலை ஏறத்தானே செய்யும்" என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நிறைய வரைந்தவர் அவர். அவருடைய யானைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இப்போது வயதாகிவிட்டது, சின்ன வீட்டுக்கு மாறும்போது சுவரில் இருந்ததெல்லாம் ஏலத்துக்குத்தான் வரும்.

அப்புறம், அது ஆயில்தானா? 1960-களில் பூட்ஸ் (Boots) மருந்துக் கடைகளில் அவருடைய யானை பிரிண்ட் சக்கைப்போடு போட்டது. பின்னாளில் வந்த பிரிண்டுகளில் கீழ் ஓரத்தில் பென்சில் கையெழுத்தும் 412/850 மாதிரி எண்ணும் (850 பிரதிகளில் 412-வது) இருக்கும். அவற்றுக்குச் சில நூறு பவுண்ட் கிடைத்தாலே பெரிது. கேன்வாஸில் அச்சடித்து வார்னிஷ் பூசியதும் உண்டு. பூதக்கண்ணாடியில் சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது அச்சு. ஓவியம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கண்டிஷன் ரிப்போர்ட்டும், முதலில் எந்த கேலரியில் விற்றது என்ற பழைய ரசீதும் கேளுங்கள்.

வரி அவ்வளவு பயமுறுத்தாது. விற்ற தொகை 6,000 பவுண்டுக்குள் என்றால் வரியே இல்லை. அதற்கு மேல் போய் லாபமும் வந்தால், ஆண்டு விலக்கு 3,000 போக மீதிக்கு 18 அல்லது 24 சதவீதம்.

படிப்புக்கான பணத்தை ஐசாவில் (ISA, பிரிட்டனின் வரியில்லாச் சேமிப்பு-முதலீட்டுக் கணக்கு) இண்டெக்ஸ் ஃபண்டாக, அதாவது பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்டாகப் போடுங்கள். வருடத்துக்கு 20,000 வரை போடலாம், லாபத்துக்கு வரி கிடையாது. தேவை நெருங்கும் கடைசி இரண்டு மூன்று வருடத்தில் ரொக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகும் கையில் பணமிருந்து, யானை மனதை விட்டுப் போகவில்லையென்றால் ஏலத்துக்குப் போங்கள். வீட்டுக்கு வந்த அன்றே இன்ஷூரன்ஸில் தனிப்பொருளாகச் சேர்த்துவிடுங்கள். சாதாரண வீட்டு பாலிசியில் ஒரு பொருளுக்கான உச்சவரம்பு இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.