மேடைக்காக வற்றும் உடம்பு: வாசகியர் கேள்வி பதில்

சேலம் வட்டாரத்தில் பெண்களுக்கான பிஸீக், ஃபிகர், பிகினி எனும் உடற்கட்டு (பாடி பில்டிங்) போட்டிகளுக்குத் தயாராகும் வாசகியரும் அவர்கள் வீட்டாரும் எழுதிய கடிதங்களில் நான்குக்கு இந்த இதழில் பதில். பதில் தருபவர்கள் ஒரு மகப்பேறு மருத்துவரும் ஓர் உணவியல் நிபுணரும்.

கேள்வி: வயது 26, எடை 55 கிலோ, கொழுப்பு 20 சதவீதம். போட்டிக்கு இன்னும் பத்து வாரம். நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. "கட்டிங்கில் (கொழுப்பைக் குறைக்கும் டயட்டில்) எல்லாருக்கும் நிற்கும், பயப்படாதே" என்கிறார் ஜிம் மாஸ்டர். கருத்தடை மாத்திரை போட்டு வரவழைத்துக்கொள் என்கிறாள் தோழி. என் சாப்பாட்டுப் பட்டியலை இணைத்திருக்கிறேன். (வாசகி, அஸ்தம்பட்டி)

பதில்: முதல் வேலை, கர்ப்பப் பரிசோதனை. அடுத்து தைராய்டு, புரோலாக்டின் ரத்தப் பரிசோதனைகள். டயட்தான் காரணம் என்று நாமாகவே முடிவு கட்டிவிடக் கூடாது.

இனி உங்கள் பட்டியல். 40 கிராம் ஓட்ஸ், எட்டு முட்டையின் வெள்ளைக்கரு, 300 கிராம் கோழி நெஞ்சுக்கறி, ஒரு ஸ்கூப் வே புரோட்டீன், வெள்ளரி, பீன்ஸ். கூட்டிப் பார்த்தால் சுமார் 850 கலோரி. எடைப் பயிற்சியும் ட்ரெட்மில்லுமாக 400 கலோரியைச் செலவழிக்கிறீர்கள். மிச்சம் 450. உங்கள் 55 கிலோவில் கொழுப்பைக் கழித்தால் 44 கிலோ. 450-ஐ 44-ஆல் வகுத்தால் கிலோவுக்குப் பத்து கலோரிதான் வருகிறது. இதயம், மூளை, ஈரல், சினைப்பை எல்லாம் இந்தப் பத்தில் ஓட வேண்டும். சுமார் 45 இருந்தால் உடம்பு நிம்மதியாக இருக்கும். 30-க்குக் கீழே பல நாள் போனால், மூளையின் ஹைப்போதலாமஸ் சினைப்பைக்கு அனுப்பும் சைகையைக் குறைத்துவிடும். சினைப்பையில் கோளாறு இல்லை, அதற்குக் கட்டளைதான் வரவில்லை. "கொழுப்பு 20 இருக்கிறதே, எப்படி நிற்கும்?" என்று பலரும் கேட்கிறார்கள். சேமிப்பில் உள்ள கொழுப்பை மட்டும் பார்த்து மூளை முடிவெடுப்பதில்லை. அன்றாடம் உள்ளே வருவதையும் அது கணக்கில் வைக்கிறது.

எல்லாருக்கும் நிற்கிறது என்பதால் அது சரியாகிவிடாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு கரையத் தொடங்கும். எலும்பு தன் உச்ச வலுவைச் சேர்த்து முடிப்பதே முப்பதை ஒட்டித்தான். 26 வயதில் இழப்பதை முழுசாகத் திரும்பப் பெறுவது கடினம். காலின் முன்பக்க எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்து அழுத்தினால் சுருக்கென்று வலிக்கிறதா? ஓட்டத்தையும் குதிப்பையும் உடனே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மாதவிலக்கு வராமல் ஆறு மாதம் தாண்டினால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுப்பது நல்லது. உங்கள் வயதுக்கு அதில், அதே வயதுப் பெண்களோடு ஒப்பிடும் இசட் ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும்.

மாத்திரையால் வருவது உண்மையான மாதவிலக்கு அல்ல, மருந்தை நிறுத்தியதால் வரும் உதிரம். அது எலும்பைக் காப்பாற்றாது, உடம்பு தந்த எச்சரிக்கையை மறைத்துவிடும். அதற்காகக் கருத்தடையே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடும். அந்த இடைவெளியில் கரு தங்கலாம்.

மருந்து சாப்பாடுதான். முதல் வாரம் மூன்று வெள்ளைக்கருவுக்குப் பதில் மூன்று முழு முட்டை, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை. அடுத்த வாரம் காலையில் இரண்டு இட்லி, நல்லெண்ணெய் குழைத்த பொடியோடு. இப்படி வாரத்துக்கு 250, 300 கலோரி கூட்டி 1,720-ஐத் தாண்டுங்கள் (44 கிலோவுக்கு 30 வீதம் 1,320, பயிற்சிக்கு 400). ட்ரெட்மில் நேரத்தைப் பாதியாக்குங்கள். மாதவிலக்கு திரும்பச் சில மாதம் ஆகலாம். இந்த வருடப் போட்டியை விட்டுவிடுங்கள் என்றே சொல்வோம். மேடை அடுத்த வருடமும் இருக்கும்.

கேள்வி: கடைசி வாரம் தினம் எட்டு லிட்டர் தண்ணீர், உப்பே கிடையாது. போட்டிக்கு முந்தைய நாள் அரை லிட்டர் மட்டும், கூடவே நீர் பிரியும் மாத்திரை ஒன்று. செய்யலாமா? (வாசகி, அம்மாபேட்டை)

பதில்: கூடாது. மூன்று தவறுகள் சேர்ந்த திட்டம் இது. உப்பில்லாமல் எட்டு லிட்டர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் சரியும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை போகும். பிறகு தண்ணீரை அடைத்தால் வற்றுவது தோலுக்கடி நீர் மட்டுமா? தசையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாமல் சோறும் கிழங்கும் ஏற்றினால் தசை தட்டையாகத்தான் தெரியும். அழகுக்குக்கூட உதவாத வேலை.

மாத்திரைதான் உயிருக்கு உலை வைப்பது. ஃப்யூரோசமைடு என்ற நீர் மாத்திரை பொட்டாசியத்தை வெளியேற்றி இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். ஸ்பைரனோலாக்டோன் என்ற இன்னொரு நீர் மாத்திரை அதற்கு நேர்மாறு. அதைப் போட்டுக்கொண்டு இளநீரும் வாழைப்பழமுமாகச் சாப்பிட்டால் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றே போகலாம். 1992-இல் முகம்மது பெனசிசா என்ற புகழ்பெற்ற வீரர் நெதர்லாந்தில் போட்டி முடிந்த கையோடு இறந்தார். நீர் மாத்திரையும் நீரிழப்பும்தான் காரணம் என்று அன்று பரவலாகப் பேசப்பட்டது. சேலத்துச் சித்திரை வெயிலில் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, படபடப்போடு கண் இருண்டால் மேடையைப் பார்க்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறேன், 60 கிலோ. போட்டிக்கு ஐந்து மாதம் இருக்கிறது. பாதுகாப்பாக எப்படி இறங்குவது? எப்போதும் கை கால் சில்லிடுகிறது. (வாசகி, ஏற்காடு)

பதில்: வாரத்துக்கு 300 முதல் 600 கிராம் வரை குறையலாம், அதற்கு மேல் வேண்டாம். எண்ணெய், நெய், கடலையை அறவே விலக்காதீர்கள். மொத்தக் கலோரியில் ஐந்தில் ஒரு பங்காவது கொழுப்பிலிருந்து வரட்டும். தொடங்கும் முன் ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்தின் சேமிப்பு), வைட்டமின் டி பாருங்கள். இந்தியப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். காபியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், இரும்புச்சத்து சேரும்.

சில்லிடுவதை மலைக் குளிர் என்று விட்டுவிடாதீர்கள். சாப்பாடு குறைந்தால் தைராய்டின் டி3 ஹார்மோன் இறங்கும். போர்வைக்குள்ளும் பாதம் சூடேறவில்லை, முடி கொத்தாக உதிர்கிறது, மலம் இறுகுகிறது என்றால் சாப்பாட்டைக் கூட்டும் நேரம் வந்துவிட்டது. இதற்குத் தைராய்டு டி3 மாத்திரையும் கொழுப்பு கரைக்கும் காப்ஸ்யூலும் தருபவர்களிடம் போகாதீர்கள்.

கேள்வி: மகளுக்கு 22 வயது. போட்டி முடிந்து ஒரு மாதத்தில் ஒன்பது கிலோ ஏறிவிட்டாள், கால் வீங்குகிறது. பகலில் பட்டினி. ராத்திரி பதினொரு மணிக்கு அடுப்படியில் விளக்கைப் போடாமல் நின்றுகொண்டே பார்சல் தட்டுவடை செட் இரண்டு மூன்று தின்றுவிட்டு அழுகிறாள். (ஒரு தாய், கொண்டலாம்பட்டி)

பதில்: அம்மா, இது நாக்கு அடங்காத பெண்ணின் குணம் அல்ல. கொழுப்பு வற்றியதும் போதும் என்று சொல்லும் லெப்டின் சரிந்து, பசி ஹார்மோன் கிரெலின் ஏறி நிற்கிறது. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காமல் தவித்தவர்கள் அவர்களிலும் உண்டு.

வீக்கத்துக்குக் காரணம், மாவுச்சத்து திரும்பியதும் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைப்பது. பெரும்பாலும் சில வாரத்தில் வடியும். நீர் மாத்திரை கொடுக்காதீர்கள். மூச்சு வாங்கினாலோ ஒரு கால் மட்டும் வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பகல் பட்டினிதான் ராத்திரிப் பசியை வளர்க்கிறது. எழுந்த ஒரு மணி நேரத்தில் காலை உணவு, பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் ஏதாவது, நீங்களும் கூட உட்கார்ந்து. தட்டுவடையை ஒளிக்காதீர்கள். சாயங்காலம் ஒரு செட்டைத் தட்டில் வைத்து எல்லாரும் பார்க்கச் சாப்பிடட்டும். எடை மெஷினைப் பரண் மேல் போடுங்கள். மேடைப் படத்தை உறவுக்காரர்கள் முன்னால் எடுத்துக் காட்டி ஒப்பிடாதீர்கள். வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை போடுவது தெரிந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள்.