நான்காம் குவார்ட்டரில் இரண்டு டச்டவுன்: 53 பேரில் இடம் கிடைக்குமா?

கேள்வி: என் அமெரிக்கக் கால்பந்து அணியில், டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில்) யாரும் எடுக்காத ஒரு வைட் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) இருக்கிறார். சீசனுக்கு முந்தைய ப்ரீசீசனின் முதல் ஆட்டத்தில், நான்காம் குவார்ட்டரில் இரண்டு டச்டவுன் பிடித்தார். அவருக்கு இறுதி 53 பேரில் இடம் கிடைக்கும் என்று நம்பலாமா? மிச்சமிருக்கும் இரண்டு ஆட்டங்களில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நம்பலாம். ஆனால் அந்த இரண்டு டச்டவுன்களை மட்டும் வைத்து நம்பாதீர்கள். அவர் பந்தைப் பிடிக்காத நேரத்தில் என்ன செய்தார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் அதிகம் இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லின் அணி ஒவ்வொன்றும் 90 பேருடன் பயிற்சி முகாமைத் தொடங்குகிறது. ஆகஸ்ட் கடைசியில் அது 53 ஆகச் சுருங்க வேண்டும். முன்பெல்லாம் படிப்படியாக வெட்டுவார்கள். 2023 முதல் ஒரே கெடுதான். 32 அணிகளையும் சேர்த்தால் அந்த நாளுக்குள் சுமார் 1,200 பேர் வெளியே வருகிறார்கள். ஆட்டங்களும் குறைந்துவிட்டன. 2021இல் வழக்கமான சீசன் 17 ஆட்டமானபோது ப்ரீசீசன் நான்கிலிருந்து மூன்றானது. ஓரத்தில் நிற்கும் வீரருக்கு ஒரு முழு மாலை பறிபோனது என்று அர்த்தம்.

இந்த 53இல் உண்மையான போட்டி எத்தனை இடங்களுக்கு? பெரும்பாலான அணிகளில் நாற்பது பேர் முகாம் தொடங்கும் முன்பே முடிவானவர்கள். உத்தரவாதச் சம்பளம் பெற்ற அனுபவசாலிகள், முதல் மூன்று சுற்றுகளில் எடுத்த புதியவர்கள் போன்றோர் இதில் அடங்குவர். இவர்களை வெட்டினால் பணம் சேலரி கேப்பில் (அணியின் சம்பள உச்சவரம்பில்) சுமையாக நிற்கும், எடுத்த மேலாளரின் பெயரும் கெடும். ஆகவே சண்டை கடைசிப் பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குத்தான். வைட் ரிசீவர்களில் பொதுவாக ஐந்து அல்லது ஆறு பேரை வைத்துக்கொள்வார்கள். உங்கள் அணியில் யாரையெல்லாம் வெட்டவே மாட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான்கு பெயர் வந்தால் மிச்சம் ஒன்று அல்லது இரண்டு இடம். அந்த இடங்களுக்கு மோதுகிறவர்கள் யார் என்று தெரிந்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இங்கேதான் ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது பந்தை உதைக்கும் ஆட்டங்களில் இறங்கும் குழு, வருகிறது. ஐந்தாவது, ஆறாவது ரிசீவர் ஞாயிற்றுக்கிழமை எத்தனை முறை பந்தைத் தொடப்போகிறார்? சில ஆட்டங்களில் ஒரு முறைகூட இருக்காது. 53 பேரில் ஆட்ட நாளில் களமிறங்கத் தகுதி பெறுகிறவர்களும் அதிகபட்சம் 48 பேர்தான். அதனால் பயிற்சியாளர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கிக்காஃப்பிலும் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) பண்ட்டிலும் (பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் உதை) இவரால் எனக்கு என்ன பயன்?

ஓர் உதாரணம். 1995இல் டென்வர் பிராங்கோஸ் ஆறாவது சுற்றில் எடுத்த ஓட்டக்காரர் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்) டெரல் டேவிஸ், முகாமில் வரிசையின் அடியில் கிடந்தார். டோக்கியோவில் சான் பிரான்சிஸ்கோ 49யர்ஸுக்கு எதிரான ப்ரீசீசன் ஆட்டத்துக்குப் போனபோது, மூட்டை கட்டி வீடு திரும்பிவிடலாமா என்றே யோசித்ததாகப் பிறகு சொல்லியிருக்கிறார். அந்த ஆட்டத்தில் ஒரு கிக்காஃப்பில் நேராக ஓடிப்போய், பந்தைத் திருப்பிக் கொண்டுவந்தவரை ஒரே மோதலில் சாய்த்தார். பயிற்சியாளர்கள் அவரை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தது அந்தக் கணத்தில்தான். சீசன் தொடங்கும்போது அவர்தான் முதல் ஓட்டக்காரர். அந்த ஆண்டு 1,117 யார்டு ஓடினார். மூன்றாம் சீசனில், லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் எம்.வி.பி. (சிறந்த வீரர்). 2017இல் ஹால் ஆஃப் ஃபேம். ஓட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கை திரும்பியது அவர் பந்தே தொடாத ஒரு ஆட்டத் துணுக்கில். ப்ரீசீசன் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்த ஆட்டத்தில் கிக்காஃப் வரும்போது தண்ணீர் குடிக்க எழுந்து போகாதீர்கள். 2024 முதல் விதி மாறிவிட்டது. உதைப்பவரைத் தவிர மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40 யார்டு கோட்டில் நிற்கிறார்கள். பந்து தரையைத் தொடும்வரை, அல்லது எதிரணி வீரர் கைக்குப் போகும்வரை, அசையக் கூடாது. 2025இல் டச்பேக் ஆனால் (உதைத்த பந்து கோல் கோட்டைத் தாண்டி, திருப்பி ஓடாமல் நின்றுவிட்டால்) பந்து 35 யார்டு கோட்டுக்கு வரும் என்று ஆக்கியதால், பந்தைக் கோல் கோட்டுக்கு முன்பே களத்துக்குள் விழவைக்கும் அணிகள் அதிகமாகிவிட்டன. அதாவது திருப்பி ஓடும் ஆட்டங்கள் கூடிவிட்டன, அதில் உழைக்கிறவரின் மதிப்பும் கூடிவிட்டது. உங்கள் ஆளின் எண்ணைத் தேடிப் பிடித்து, பந்தை விட்டுவிட்டு அவரையே பாருங்கள். முதல் ஐந்து யார்டில் எதிராளி கை வைத்ததும் அப்படியே மாட்டி நிற்கிறாரா, இல்லை தோளைத் திருப்பிக் கழன்று போகிறாரா? பந்து இருக்கும் பக்கம் ஆசைப்பட்டு ஓடித் தன் பாதையைத் திறந்துவிடுகிறாரா? பண்ட்டில் ஓரத்து கன்னராக (முதலில் ஓடிப்போய் பந்தைப் பிடிப்பவரை மடக்குபவராக) அவரை நிறுத்துகிறார்களா? நிறுத்தினால் அது மிக நல்ல அறிகுறி. அதுவும் முதல் பாதியில் என்றால் இன்னும் நல்லது.

எப்போது இறக்குகிறார்கள் என்பதும் முக்கியம். நான்காம் குவார்ட்டரில் எதிரே நிற்கும் கார்னர்பேக்குகளில் (ரிசீவர்களை மறிப்பவர்களில்) பலர் இரண்டு வாரத்தில் எந்த அணியிலும் இருக்க மாட்டார்கள். அவர்களைத் தாண்டிப் பிடித்த டச்டவுனுக்கு மதிப்பு உண்டு, ஆனால் முழு மதிப்பு இல்லை. இரண்டாம் ஆட்டத்தில் அவர் இரண்டாம் குவார்ட்டரிலேயே, இரண்டாவது குவார்ட்டர்பேக்குடன் (பந்தை எறிபவருடன்) களமிறங்கினால் மேலே ஏறுகிறார் என்று பொருள். மறுபடியும் நான்காம் குவார்ட்டர்தான் என்றால், டச்டவுன்கள் பயிற்சியாளரை நீங்கள் நினைத்த அளவுக்கு அசைக்கவில்லை.

கடைசி ஆட்டத்தை எல்லாரும் தலைகீழாகப் படிக்கிறார்கள். அதில் ஓர் ஓர வீரரை அணி பந்தை வைத்து ஆடும் ஒன்றிரண்டு தொடர்களுக்குப் பிறகு உட்கார வைத்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது இடம் உறுதி என்பதன் அடையாளம், காயம் படாமல் காக்கிறார்கள். இறுதி விசில் வரை ஆடவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

பிடிக்காத பந்துகளையும் பாருங்கள். ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் கணத்துக்கு) முன் குவார்ட்டர்பேக் கை நீட்டி அவரை நகரச் சொல்லித் திருத்துகிறாரா? ஒருமுறை நடந்தால் பரவாயில்லை. இரண்டு மூன்று முறை நடந்தால் ஆட்டத்திட்டம் மனதில் ஏறவில்லை என்று அர்த்தம். எத்தனை டச்டவுன் பிடித்தாலும் அது மறையாது. ஓட்ட ஆட்டங்களில் தன்னைவிடப் பெரிய சேஃப்டியை (எதிரணியின் பின்வரிசைத் தடுப்பாளரை)த் தடுக்கப் போகிறாரா, தவிர்க்கிறாரா என்பதையும் பாருங்கள். அதேபோல, தன்னை மறிப்பவரிடமிருந்து தெளிவாக விலகி நின்றும் மூன்றாவது குவார்ட்டர்பேக் பந்தை வேறெங்கோ எறிந்தால், ஸ்கோர்கார்டில் சுழியம் இருக்கும். ஆனால் பயிற்சியாளர் வீடியோவில் அந்த விலகலைப் பார்த்துவிடுவார்.

அணி ஜெயித்ததா தோற்றதா என்பதை விட்டுவிடுங்கள். டெட்ராய்ட் லயன்ஸ் 2008இலும், கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் 2017இலும் ப்ரீசீசனில் நான்குக்கு நான்கு வென்றன. அதே ஆண்டுகளில் சீசனில் 16 ஆட்டத்திலும் தோற்றன. அணி நிர்வாகம் வெளியிடும் டெப்த் சார்ட்டையும் (யார் முதல், யார் அடுத்து என்ற வரிசைப் பட்டியலையும்) பெரிதாக எடுக்க வேண்டாம், பல பயிற்சியாளர்களே அதை மதிப்பதில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் வரும் கேம்புக் என்ற ஆட்டக் கணக்கேட்டில், யார் ஆஃபென்ஸில் (தாக்குதலில்) எத்தனை ஸ்னாப், ஸ்பெஷல் டீம்ஸில் எத்தனை ஸ்னாப் என்ற கணக்கு இருக்கும். அதுதான் நேர்மையான ஆவணம்.

உங்கள் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. நியூயார்க் ஜயன்ட்ஸின் விக்டர் குரூஸ் டிராஃப்டில் எடுக்கப்படாதவர். 2010 ஆகஸ்டில் ஜெட்ஸுக்கு எதிரான ப்ரீசீசன் ஆட்டத்தில் மூன்று டச்டவுன் பிடித்து 53இல் நுழைந்தார். ஆனால் அந்த சீசனில் ஒரு பந்தும் பிடிக்கவில்லை, காயத்தால் வெளியேறினார். அடுத்த ஆண்டுதான் 1,536 யார்டும் சூப்பர் பவுல் வெற்றியும் வந்தன. இடம் கிடைத்த ஆண்டில் ஒன்றும் நடக்காமல் போகலாம், அதையும் மனதில் வையுங்கள்.

சரி, வெட்டிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதோடு கதை முடியாது. கணக்கில் நான்கு சீசன் சேராத வீரர் நேரடியாகச் சுதந்திரமாகிவிட மாட்டார், வெய்வர்ஸ் வழியாகப் போக வேண்டும். மறுநாள் நண்பகல் வரை மற்ற 31 அணிகளும் அவரைக் கேட்கலாம், கடந்த ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கே முன்னுரிமை. கேட்கிற அணி அவரைத் தன் 53இல் வைத்தாக வேண்டும் என்பதால், பெரும்பாலானவர்களை யாரும் கேட்பதில்லை. அப்படித் தப்பி வந்தால் உங்கள் அணியே அவரை 16 பேர் கொண்ட பிராக்டிஸ் ஸ்குவாடில் (53க்கு வெளியே, அணியோடு பயிற்சி செய்யும் குழுவில்) சேர்க்கலாம். இரண்டு டச்டவுன் பிடித்த புதியவருக்கு இதுதான் அதிகம் நடக்கக்கூடியது என்பது என் கணிப்பு. அங்கிருந்து ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பேரைத் தற்காலிகமாக மேலே கொண்டுவரலாம், ஒருவரை ஒரு சீசனில் மூன்று முறை வரை.

இன்னொன்று. வெட்டு நாளில் பழைய, அனுபவமுள்ள ரிசீவர் பெயர் வெளியேறியவர்கள் பட்டியலில் வந்தால் உடனே கொண்டாடிவிடாதீர்கள். அவருக்கு வெய்வர்ஸ் கிடையாது. காயமடைந்த ஒருவரை மறுநாள் பட்டியலிலிருந்து நகர்த்திவிட்டு அவரைத் திரும்பக் கூப்பிடும் ஏற்பாடு பல அணிகளில் உண்டு. அந்த வாரம் முழுக்க 53 பேர் பட்டியல் மாறிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே வெட்டு நாளுக்கு மறுநாள் மாலை வரையாவது பொறுத்திருங்கள். அப்புறம் சீசன் தொடங்கியதும், ஞாயிறு ஆட்டங்களுக்கு முந்தின சனிக்கிழமை மாலை வரும் பிராக்டிஸ் ஸ்குவாட் அறிவிப்புகளில் அவர் பெயரைத் தேடுங்கள்.