கட்டில் பொத்தானை அழுத்திவிட்டுச் சரக்கு இறக்குபவர்கள்: ஐரோப்பிய லாரி ஓட்டுநர்கள் பற்றிக் கேள்வி பதில்

(ஐரோப்பாவில் சரக்கு லாரிகளுக்குப் பயண அட்டவணை போடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.)

கேள்வி: அங்கே ஓட்டுநர் ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓட்டலாம்?

பதில்: 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை. இரண்டு வாரங்களில் மொத்தம் 90 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஓட்டுவதைக் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். வேலையைப் பற்றிக் கேட்டிருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது.

கேள்வி: லாரியில் பொருத்திய டாக்கோகிராஃப் கருவிதான் ஓட்டிய நேரம், ஓய்வு நேரம் எல்லாவற்றையும் பதிவு செய்கிறதே, பிறகு ஏமாற்று எங்கே?

பதில்: சக்கரம் உருண்டால் கருவி தானாகவே எழுதிக்கொள்ளும். லாரி நின்ற பிறகு ஓட்டுநர்தான் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். சுத்தியல் படம் என்றால் வேறு வேலை, கட்டில் படம் என்றால் ஓய்வு. கிடங்கு வாசலில் மணிக்கணக்காகக் காத்திருந்து, சரக்கையும் இறக்கிக் கொடுத்தவர்கள் கட்டிலை அழுத்தியதைப் பார்த்திருக்கிறேன். கருவியின் கணக்கில் அவர்கள் படுத்திருந்தார்கள். சுத்தியலை அழுத்தினால் ஓய்வு தள்ளிப்போகும், அடுத்த சரக்கு தவறும், அலுவலகத்திலிருந்து போன் வரும். அந்தப் போனைச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

கேள்வி: புதிய வகைக் கருவியால் பயன் உண்டா?

பதில்: உண்டு. 2023 ஆகஸ்டு முதல் புதிய லாரிகளில் வருவது, எல்லை தாண்டிய இடத்தைச் செயற்கைக்கோள் துணையோடு தானே குறித்துக்கொள்கிறது. லித்துவேனிய நிறுவனத்தின் ஓட்டுநர் பிரான்சுக்குள்ளேயே சரக்கு ஏற்றி இறக்கினால், அந்த நாட்களுக்குப் பிரெஞ்சு ஊதிய விதிகளே பொருந்தும். எத்தனை நாள் என்று தகராறு வந்தால் காட்டுவதற்கு இப்போது சாட்சி இருக்கிறது.

கேள்வி: வண்டியிலேயே தூங்குகிறார்களாமே?

பதில்: வார நாட்களில் தூங்கலாம். 45 மணி நேர வார ஓய்வை வண்டிக்குள் கழிக்கக்கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. 2020-இல் அதுவே விதிமுறையிலும் எழுதப்பட்டது. அறைச் செலவு முதலாளியுடையது. ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் பதினாறு மீட்டர் வண்டியை நிறுத்த இடம் தரும் விடுதி எத்தனை? ஞாயிற்றுக்கிழமைகளில் லாரிக்குப் பக்கத்தில் சிறு அடுப்பு எரிவதை இன்றும் காணலாம்.

கேள்வி: ஜெர்மனியின் கிரேஃபன்ஹவுசன் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஓட்டுநர்கள் ஏன் வண்டியை நிறுத்தினார்கள்?

பதில்: 2023-இல் நடந்தது. பெரும்பாலோர் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் நாட்டவர். வேலை கொடுத்தது போலந்து நிறுவனம். சம்பளம் வரவில்லை. வசந்தத்தில் ஒருமுறை, கோடையில் மறுமுறை. இரண்டாவது முறை சிலர் உண்ணாவிரதமும் இருந்தார்கள். எந்தக் கருவியும் சம்பளம் வந்ததா என்று பதிவு செய்வதில்லை. அவர்களுக்குக் கைகொடுத்தது லாரிக்குள் இருந்த சரக்கு. அதற்கு உரிய பெரிய நிறுவனங்களை நோக்கிக் கேள்வி திரும்பியது. தங்களுக்குச் சரக்கும் சேவையும் தருபவர்களிடம் தொழிலாளர் உரிமை மீறப்படாமல் பெரிய நிறுவனங்கள் கவனிக்க வேண்டும் என்னும் ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் அந்த ஆண்டு ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது.

கேள்வி: கிழக்கு ஐரோப்பாவில் வேலைக்கு அழைக்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, தினப்படி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். தினப்படி பெரிதாக இருந்தால், காய்ச்சலில் படுத்த வாரம் கைக்கு வருவது அடிப்படைச் சம்பளத்தை ஒட்டிய சிறு தொகைதான். டாக்கோகிராஃபில் செருகும், உங்கள் பெயரில் பதிவாகும் ஓட்டுநர் அட்டையை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள், முதலாளி கேட்டாலும்.