வீட்டு கராஜில் கட்டிய கோப்ரா ரெப்ளிகாவை பிரிட்டனில் சட்டப்படி பதிவு செய்ய முடியுமா?

முடியும். (கோப்ரா என்பது 1960களின் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார், ரெப்ளிகா என்பது அதன் நகல்.) ஆனால் காரை முதலில் கட்டி முடித்துவிட்டுப் பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. அந்த வரிசையில் போனால் காசும் பொறுமையும் இரண்டு மடங்கு செலவாகும். பதிவுக்கான வேலை, எந்த இன்ஜினைப் போடப்போகிறோம் என்று தீர்மானிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. நானும் நண்பர் ஒருவரும் ரோவர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினையும் ஜாகுவார் எக்ஸ்ஜே6 காரின் அச்சு, சஸ்பென்ஷன் பாகங்களையும் வைத்து ஒரு கோப்ராவைக் கட்டிப் பதிவு செய்தோம் என்பதால், நடைமுறையை அந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

தனியார் தங்கள் சொந்த உபயோகத்துக்காகக் கட்டும் கார்களுக்கு 1998 முதல் எஸ்விஏ என்ற சோதனை கட்டாயமாக இருந்தது. 2009இல் அதன் இடத்துக்கு ஐவிஏ என்ற தனிவாகன ஒப்புதல் சோதனை வந்தது. அரசின் வாகனச் சோதனை அமைப்பான டிவிஎஸ்ஏவின் நிலையங்களில் நடக்கும் இந்தச் சோதனையில் தேறி ஒப்புதல் சான்றிதழ் பெற்ற பிறகுதான், ஸ்வான்ஸியில் உள்ள வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவிடம் பதிவு எண் கேட்டு விண்ணப்பிக்க முடியும். (வட அயர்லாந்தில் சோதனை நடத்துவது வேறு அமைப்பு.) லாபநோக்கின்றி நீங்களே கணிசமான பகுதியைக் கட்டினீர்கள் என்று காட்ட வேண்டியிருப்பதால், ஒவ்வொரு கட்டத்திலும் புகைப்படம் எடுத்து வையுங்கள், ஒரு போல்ட் வாங்கினாலும் ரசீதை எறியாதீர்கள்.

இந்தச் சோதனையில் கோப்ரா போன்ற ரெப்ளிகாவுக்கென்றே ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. அமெரிக்கரான கரோல் ஷெல்பி 1962இல் ஏசி என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் காருக்குள் ஃபோர்டு வி8ஐ வைத்தபோது, பாதசாரியின் தொடையைக் கிழிக்காத விளிம்பு வேண்டும் என்றெல்லாம் யாரும் சட்டம் எழுதியிருக்கவில்லை. ஆகவே அசலுக்கு எவ்வளவு நெருக்கமாகக் கட்டுகிறீர்களோ, அவ்வளவு எளிதாகத் தோற்பீர்கள். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டை வெளிப்புறத்தில் எங்கெல்லாம் படுமோ, அங்குள்ள கடினமான விளிம்புகள் எல்லாம் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. பானெட்டின் மேலுள்ள காற்றுவாய், முன்சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் பக்கவாட்டுத் துளைகள், விண்ட்ஸ்கிரீன் சட்டம், பெட்ரோல் மூடி, பம்பருக்குப் பதிலாக நிற்கும் குரோம் குழாய்களின் முனை ஆகிய அனைத்தும் இதில் மாட்டும். சக்கரத்தின் நடுவில் சிறகு விரித்து நிற்கும் ஸ்பின்னர் நட்டுக்கு அனுமதியே கிடையாது. கோப்ராவின் முகத்துக்கு அடுத்தபடியாக ரசிகர்கள் பார்ப்பது அதைத்தான் என்றாலும், சோதனைக்குச் சாதாரண நட்டுதான். உட்புறத்திலும் இதே கதை தொடர்கிறது: பயணியின் தலை மோதக்கூடிய இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் டாகிள் சுவிட்சுகளை வேறிடத்துக்கு மாற்றவோ மென்மையான உறையிடவோ வேண்டியிருக்கும்.

மென்மையான ரப்பர் இந்த ஆர விதிக்குள் வராது என்பதால், பலரும் விளிம்புகளில் ரப்பர் பட்டையை ஒட்டிக்கொண்டு சோதனைக்குப் போய், வீடு திரும்பியதும் உரித்துவிடுகிறார்கள். எல்லோரும் செய்வதுதான் என்றாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. கண்ணாடியிழைக் கூட்டை மெருகேற்றும்போதே விளிம்புகளை மழுக்கிவிட்டால் ரப்பரே வேண்டாம். நாங்கள் பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் செய்தோம்.

இயந்திரப் பகுதியில் கவனிக்க வேண்டியவை வேறு. கடுமையாக பிரேக் பிடிக்கும்போது, பின்சக்கரங்களுக்கு முன்பாக முன்சக்கரங்கள் பூட்டிக்கொள்ள வேண்டும். பல வண்டிகளிலிருந்து பிரேக் பாகங்களைச் சேர்த்துக் கட்டும் கார்களில் இந்தச் சமநிலை தானாக அமையாது. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங், கையை விட்டதும் தானே நேராக வர முயல வேண்டும். வராவிட்டால் முன்சக்கரக் கோணங்களைத் திருத்தியாக வேண்டும். மோதலில் மார்பை நோக்கிப் பாயாமல் மடங்கும் ஸ்டீயரிங் தண்டும் தேவை. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. பின்புற ஃபாக் விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் நடுவே 100 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். கோப்ராவின் சிறிய பின்புறத்தில் அதற்கு இடம் தேடுவதே ஒரு வேலை. பக்கவாட்டு எக்ஸாஸ்ட் வைத்திருந்தால் சத்தத்தைப் பற்றி முன்கூட்டியே யோசியுங்கள்: உச்ச சக்தி கிடைக்கும் சுழற்சி வேகத்தில் முக்கால் பங்குக்கு இன்ஜினை ஏற்றி, குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் அளப்பார்கள், 99 டெசிபலைத் தாண்டக் கூடாது.

புகை விஷயம் முழுவதும் இன்ஜினின் வயதைப் பொறுத்தது. 1975 ஆகஸ்டுக்கு முந்தைய பெட்ரோல் இன்ஜின் என்றால் கண்ணுக்குத் தெரியும் புகையை மட்டுமே பார்க்கிறார்கள். அதற்குப் பிந்தையவற்றுக்கு கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் வரம்புகள் உண்டு. இன்னும் புதியவற்றுக்கு புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாமல் தேறுவது கடினம். ஆனால் வயதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. நிரூபிக்க முடியாத இன்ஜினுக்குக் கடுமையான அளவுகோலே பொருந்தும். ஆகவே பழைய வி8 ஒன்றை வாங்கும்போது, அதன் எண்ணை வைத்துத் தயாரிப்புத் தேதியை எழுத்தில் பெற முடியுமா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். விலை மலிவு என்று மயங்கி வாங்கிய அடையாளமற்ற இன்ஜின், பிறகு விலை உயர்ந்ததாகிவிடும்.

எந்தப் பதிவு எண் கிடைக்கும் என்பதும் இதே போன்ற ஆதாரங்களைப் பொறுத்ததுதான். எல்லாப் பாகங்களும் புதியவை என்று ரசீதுகளால் காட்டினால், நடப்பு ஆண்டுக்குரிய எண் தருவார்கள். புதியது போலச் சீரமைத்த ஒரு பாகம் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. பழைய கார் ஒன்றிலிருந்து இரண்டு முக்கியப் பாகங்களை எடுத்திருந்து, அந்தக் காரின் பதிவு ஆவணமும் கையில் இருந்தால், அதன் வயதுக்கேற்ற எண் கிடைக்கும். மற்றவர்களுக்கு க்யூ எழுத்தில் தொடங்கும் எண்தான். அதைப் பிற்பாடு விருப்ப எண்ணாக மாற்றிக்கொள்ள முடியாது. விற்கும்போதும் விலை சற்றுக் குறையும். அதனால், பாகங்களுக்காகக் காரை உடைப்பவரிடம் ஆவணத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

டிவிஎல்ஏவுக்கு அனுப்பும் ஆவணத் தொகுப்பில், ஐவிஏ சான்றிதழ், வி627/1 ஆய்வுப் படிவம், வி55/4 அல்லது வி55/5 விண்ணப்பம், ரசீதுகள், படங்கள், அடையாளச் சான்று, பதிவுக் கட்டணம், சாலை வரி ஆகியவை இருக்க வேண்டும். அவர்கள் காரையே நேரில் பார்க்கக் கேட்கவும் கூடும். பதிவு எண் வருவதற்கு முன்பே காப்பீடு தேவைப்படும்; கிட் கார்களை (பாகங்களைத் தொகுப்பாக வாங்கி நாமே கட்டும் கார்களை) அறிந்த காப்பீட்டாளர்கள் சேசிஸ் எண்ணை வைத்துப் பாலிசி தருவார்கள். அந்தக் காப்பீடு இருந்தால், முன்பதிவு செய்த சோதனைக்குக் காரைச் சாலையிலேயே ஓட்டிச் செல்லச் சட்டம் அனுமதிக்கிறது. இருந்தாலும் ஒருமுறைகூடச் சாலை காணாத காரை அவ்வளவு தூரம் ஓட்டுவதைவிட டிரெய்லரில் ஏற்றிச் செல்வது உத்தமம். பதிவு ஆவணத்தில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் ஏசி என்று வராது, கிட் நிறுவனத்தின் பெயர்தான் வரும் என்பதையும் இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். எண் கிடைத்த பிறகு ஸ்பின்னரையோ வேறு எதையோ மாற்றிப் பொருத்தினால், அதைக் காப்பீட்டாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.