இரண்டாவது தராசு வாங்கலாமா?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நண்டு, இறால் எடுக்கும் சின்ன கம்பெனி வைத்திருக்கிறேன். காலையில் மணிக்குப் பத்துப் படகுச் சரக்கு வரும். ஒரு படகுக்கு எடை போட ஐந்து நிமிஷம்தான். கணக்குப்படி நேரம் மிஞ்சணும். ஆனால் கூடைகள் வெயிலில் காத்துக் கிடக்கின்றன. இன்னொரு தராசு வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் காகிதத்தில் வாங்கிப் பாருங்கள்.

நீங்கள் போட்டது சராசரிக் கணக்கு. படகுகள் நான்கு சேர்ந்தாற்போல் கரை பிடிக்கும், பிறகு கால் மணி நேரம் ஈ ஓட்ட வேண்டும். அப்போது தராசு சும்மா கிடந்த நேரம் போனதுதான். வருகையும் எடை நேரமும் தாறுமாறாக ஏறி இறங்கி, இதே வேகத்தில் வந்துகொண்டே இருந்தால், சராசரிக் காத்திருப்பு 25 நிமிஷம் என்கிறது வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் சூத்திரம். ஐந்து நிமிஷ வேலைக்கு!

உங்கள் கரையின் கணக்கைப் போட 'டிஸ்கிரீட் ஈவென்ட் சிமுலேஷன்' உதவும். பேர்தான் பெரிசு; ஒவ்வொரு சம்பவமாகக் கடிகாரத்தை நகர்த்தி, கரையில் நடப்பதைக் கணக்கில் ஒத்திகை பார்ப்பதுதான். 6:00க்கு முதல் படகு வருகிறது, எடைக்கு 4 நிமிஷம். 6:01க்கு இரண்டாவது, அதற்கு 7 நிமிஷம். 6:02க்கு மூன்றாவது. 6:04க்கு முதலாவது முடிகிறது, இரண்டாவது தராசேறுகிறது. அடுத்து ஏதாவது நடப்பது 6:11க்கு. கடிகாரமும் நேரே அங்கே தாவும். மூன்றாவது காத்தது 9 நிமிஷம். இரண்டு தராசு இருந்தால் 2 நிமிஷம்.

இங்கேதான் அவசரப்படக் கூடாது. எடை முடிந்த சரக்குக்கு ஐஸ் போட்டுப் பெட்டி கட்ட ஒரே ஆள், படகுக்கு 6 நிமிஷம் என்றால், மணிக்குப் பத்துக்கு மேல் அவரால் முடியாது. கூட்டம் தராசை விட்டு ஐஸ் பக்கம் நகரும், அவ்வளவே. அப்படியானால் காலை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கையாள் வைப்பதே மேல்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் வந்த நேரம், எடை தொடக்கம், முடிவு, பெட்டி கட்டிய நேரம் எழுதுங்கள். விசைப்படகு கரை திரும்பும் நாளையும் நாட்டுப்படகு மட்டும் வரும் நாளையும் தனித்தனியாக வையுங்கள். 61 நாள் மீன்பிடித் தடை முடிந்து ஜூன் 15-ஐ ஒட்டி வரும் கூட்டத்தை இதில் கலக்காதீர்கள். இந்த ஒத்திகையைக் கணினியில் ஓட்ட, பைத்தான் என்ற கணினி மொழியில் இலவசமாகக் கிடைக்கும் 'சிம்பை' என்ற நிரல் தொகுப்பு போதும்; பக்கத்தில் இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளை எழுதித் தரும். ஒரு காலையை மட்டும் ஓட்டிவிட்டு முடிவெடுக்காதீர்கள், இருநூறு காலையாவது ஓட்டுங்கள்.

கணினியில் எழுதிய இந்த மாடல் சரிதானா என்று பார்க்க, முதலில் ஒரே தராசோடு ஓட்டுங்கள். மாடலில் சராசரியாக நாலு படகு நிற்க, உங்கள் கரையில் தினமும் ஒன்பது நின்றால், மாடலில் எதுவோ விட்டுப்போயிருக்கிறது. பில் எழுதும் நேரத்தைச் சேர்த்தீர்களா? நீங்கள் சொல்லும் ஐந்து நிமிஷத்தில் அது இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம்.